ஒரு டிரம் கடல்

தங்கமீன் தொட்டிக்கு ஆபத்து என்றால் குழாயைத் திறக்கலாம். ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர் நாலு குடம் இருந்தால் இன்னும் நல்லது. கடல்மீன் தொட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த ஊர்க் குழாயிலும் கடல் வருவதில்லை. இந்தச் சின்ன உண்மையைத் தொட்டி வாங்கும் அன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கண்ணாடி, விளக்கு, பம்பு, பாறை, மீன் என்று பட்டியல் நீளும். ஒரு மூலையில் நிற்க வேண்டிய உப்புநீர் டிரம் மட்டும் பட்டியலில் இருக்காது.

திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி, விதுராவைத் தாண்டி, காட்டு வழியாக ஏறினால் போனக்காடு. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். அகத்தியர்மலை ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம். அங்கே ஒரு வீட்டில் 200 லிட்டர் கடல்மீன் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஓர் இரவு, தொட்டியில் கடல் சாமந்தி ஒன்று பாறை இடுக்கில் செத்து அழுகத் தொடங்குகிறது. தண்ணீர் பால்போலக் கலங்குகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. விழிஞம் கடற்கரைக்கு மலைப்பாதையில் இறங்கிப் போய்த் திரும்ப அரை நாள் ஆகும். பாதையில் மரம் விழுந்திருந்தால் அதுவும் இல்லை. கற்பனைதான், ஆனால் டில்லி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் என்று கடல் காணாத ஊர்களில் கடல்மீன் வளர்க்கும் எல்லோருக்கும் நிலைமை இதுவேதான். தூரம்தான் கூடும்.

அந்த இரவில் தொட்டிக்குள் நடப்பது என்ன? அழுகும் உடலிலிருந்து அம்மோனியா பிரிகிறது. வழக்கமாகப் பாறையிலும் வடிகட்டியிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஒரே இரவில் வந்து குவிவதை அவற்றால் சமாளிக்க முடியாது. அதிலும் கடல்நீர் காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 8.2-ஐ ஒட்டி நிற்கும். காரம் கூடக்கூட அம்மோனியாவில் நச்சான பங்கு பல மடங்கு உயரும். நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இங்கே உயிரைக் குடித்துவிடும்.

மூச்சுக்கும் பஞ்சம் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் தாங்குவது 6.7 சொச்சம்தான். எனவே மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் கடல்மீன்தான் முதலில் தவிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு முதல் துணை. மாற்றி ஊற்ற உப்புநீர் இரண்டாவது துணை. மூடிய வடிகட்டி மணிக்கணக்கில் நின்றிருந்தால் உள்ளே பாக்டீரியாக்கள் மூச்சுமுட்டிச் செத்து நாறியிருக்கும். மின்சாரம் வந்ததும் அதை அப்படியே ஓடவிட்டால் அத்தனை அழுக்கும் தொட்டிக்குள் போகும். முதலில் கழற்றிக் கழுவ வேண்டும்.

ஆபத்து வந்த பிறகு உப்பைக் கரைத்தால் என்ன என்று கேட்கலாம். கடல்மீன் கடையில் விற்கும் உப்புக் கலவை தண்ணீரில் விழுந்தவுடன் கடலாகிவிடாது. எல்லாச் சத்தும் கரைந்து, காற்று கலந்து, பி.எச். நிலைகொள்ள நேரம் வேண்டும். அனுபவசாலிகள் ஒரு நாள் முழுக்கப் பம்பு போட்டுச் சுழலவிடுவார்கள். அவசரமாகக் கலக்கிய நீர் ஏற்கெனவே நொந்துபோன செவுளை இன்னும் எரிய வைக்கும்.

சமையலறை உப்பு உதவுமா? உதவாது. ஏன் என்பதைத் தூத்துக்குடி உப்பளங்களில் பார்க்கலாம். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்துகள் படிகின்றன. பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு படிகிறது. மக்னீசியம் உப்புகள் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அதை வடித்து வெளியேற்றிவிடுவார்கள். ஆக, நம் வீட்டு உப்பு கடலின் ஒரு பகுதி மட்டுமே. கடலில் கரைந்துள்ளதில் சுமார் 85 சதவீதம் சோடியம் குளோரைடு என்பது சரி. மீதிப் பதினைந்தில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் இல்லாமல் கடல் உயிர் பிழைக்காது.

கரையோரத்தில் இருப்பவர்கள் கடல்நீரையே மொண்டு வரலாம். அதிலும் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும். பெருமழைக்குப் பிறகு ஆற்று முகத்துவாரங்களில் உப்பு குறைந்திருக்கும். சேறும் சாக்கடையும் சேர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் சங்குமுகத்திலும் விழிஞத்திலும் கடல் கொந்தளிக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி, திருவனந்தபுரம் கரைகளைத் தாக்கிய பிறகு, திரும்பாத படகுகளுக்காகக் கரையோரம் முழுக்க அழுதுகொண்டிருந்தது. அப்படி ஒரு நேரத்தில் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும் என்று யாரும் போய் நிற்க முடியாது. நல்ல நாளில் கொண்டுவந்த நீரையும் வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அடங்கி, கசடு அடியில் தங்கும். தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வைப்பது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 200 லிட்டர் தொட்டியில் 50 லிட்டரை மாற்றினால் நஞ்சில் கால்பங்குதான் போகும். இன்னொரு 50 மாற்றினாலும் 56 சதவீதம் மிச்சமிருக்கும். ஒரே தடவையில் 100 லிட்டர் மாற்றினால் சரிபாதி போய்விடும். எனவே தொட்டியின் கால்பங்கு குறைந்தபட்சம், இடமிருந்தால் பாதி. 50 லிட்டர் கடல்நீர் 51 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒரே டிரம்மில் வைத்துத் திண்டாடுவதைவிட 25 லிட்டர் கேன்கள் இரண்டு நல்லது. முதுகும் பிழைக்கும்.

தயாரிப்பு எளிது. 100 லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கலவை. உணவுப் பொருள் வைக்கத் தக்க பிளாஸ்டிக் டிரம். ரசாயனம் வந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. செம்பு, பித்தளைக் குழாய் அருகே வரக்கூடாது. இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு எமன். நகராட்சித் தண்ணீரென்றால் குளோரின் போக வேண்டும். டில்லி, ஹைதராபாத் போன்ற கடினநீர் ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீர் மேல். போனக்காடு போன்ற மலைப்பகுதி ஓடைநீர் மென்னீர் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மலைக்கு அதிர்ஷ்டம். தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து வீணாகும். கரைந்ததும் ஹைட்ரோமீட்டரில் 1.025-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்து, மூடி வைத்து, அவ்வப்போது பம்பை ஓடவிட்டால் போதும். ஊற்றும்போது டிரம்மும் தொட்டியும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். மலைக்குளிரில் டிரம்முக்கும் ஒரு ஹீட்டர் தேவைப்படும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் நீர் வற்றிக் குறைந்தால் டிரம்மிலிருந்து உப்புநீரை ஊற்றிவிடுவார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கிறது. வற்றியதற்கு நன்னீர், எடுத்துக் கொட்டியதற்கு உப்புநீர் என்பதே விதி.

டிரம்மைப் பூட்டி வைத்துவிட்டு மறப்பதும் சரியல்ல. வாராவாரமோ பதினைந்து நாளுக்கொரு முறையோ செய்யும் நீர் மாற்றத்துக்கு அதையே எடுத்து, அன்றைக்கே நிரப்பிவிட வேண்டும். அரிசிப் பானை அடிதட்டும் முன்பே நிரப்பும் வீட்டு வழக்கம்தான் இது.

பெரியவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்த மீன் காட்சியகத்தில், வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருட்டுத் தேக்கத்தைத் தரைக்கடியில் கட்டினார். மக்கள் காசு கொடுத்துப் பார்த்த கடலைவிட, யாரும் பார்க்காத கடல் பெரியதாக இருந்தது. தொட்டியில் எது கெட்டாலும் அந்தப் பெருநீர் அதைக் கரைத்துத் தாங்கியது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் மெரினாவில் அமைத்த சென்னை மீன் காட்சியகத்துக்கு வாசலிலேயே கடல் இருந்தது. வீட்டுத் தொட்டிக்கு இரண்டும் இல்லை.

இது பொழுதுபோக்குச் சங்கதிதானே என்று தள்ளிவிட முடியாது. விழிஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. பவளமும் கடல் குதிரையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுத்து வீட்டில் வைப்பது குற்றம். சட்டம் தொடாத மீனுக்கு வளர்ப்பவர்தான் பொறுப்பு. பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய கோமாளி மீன் ஒரே இரவில் செத்தால், கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவார்கள். அதற்காக இன்னொரு பாறையில் இன்னொரு வலை விழும். ஐம்பது லிட்டர் உப்புநீர் அந்த வலையைத் தடுக்கும். தொட்டியை நிரப்பும் அன்றே டிரம்மையும் நிரப்பிவிட வேண்டும். டிரம்முக்கு இடமில்லாத வீட்டில் கடல்மீனுக்கும் இடமில்லை.