கைப்பேசிக் கடைக்கும் சாத்தும் நேரம் வேண்டும்



நாம் பாடம் நடத்தும் மக்தபில் ஒருநாள், "இரவில் அத்தாவிடம் அன்றைய பாடத்தை ஓதிக் காட்டுகிறீர்களா?" என்று பிள்ளைகளிடம் கேட்டோம். ஒரு சிறுவன் சற்றுத் தயங்கிவிட்டு, "அத்தா கடையச் சாத்திட்டு வந்துருவாங்க ஹஜ்ரத். போன்ல இருக்குற கடையத்தான் சாத்த மாட்டாங்க" என்றான். உடனிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று நம் சமுதாயத்தில் புர்கா, அத்தர், மசாலாப் பொடி, பேரீச்சம்பழம் என எதை விற்பவரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் கடை விரித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே ஹலாலாகச் சம்பாதிக்கும் வழி நம் சகோதரிகள் பலருக்கு இதனால் திறந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். இதை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. இந்தக் கடைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்றே சொல்ல வந்தோம்.

நாம் காணும் நிலை என்ன? புதுச் சரக்கு வந்த வாரம் முழுவதும் நாளொன்றுக்கு இருபது ஸ்டேட்டஸ், நள்ளிரவு வரை பதில்கள், பாங்கு ஒலிக்கும்போதும் "இந்த ஒரு ஆர்டரை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்ற தாமதம். பிறகு களைப்பு வந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒரு பதிவும் இல்லை. விசாரித்தவர்களுக்குப் பதிலும் இல்லை. முதல் வாரத்தில் குடும்பத்தின் உரிமை பறிபோகிறது; அடுத்த வாரங்களில் வாடிக்கையாளரின் நம்பிக்கை பறிபோகிறது.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வந்துள்ளது. வணக்கத்துக்குச் சொல்லப்பட்ட இந்த அளவுகோல் வியாபாரத்துக்கும் பொருந்தும். வாரத்துக்கு மூன்று பதிவுகள் போதும். ஒன்றில் சரக்கைக் காட்டுங்கள். இன்னொன்றில் வாங்குபவருக்குப் பயன்படும் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். கறுப்பு அபாயாவை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்தினால் நிறம் நீடிக்கும் என்பது போல. மூன்றாவதில் பலரும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மூன்றே பதிவுகள், ஆனால் எந்த வாரமும் தவறாமல்.

இதற்கான நேரத்தைத் தொழுகையே வகுத்துத் தருகிறது. அதிகாலையில் தம் உம்மத்துக்கு பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள் என்பது அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. ஆகவே சுபுஹுத் தொழுது, குர்ஆன் ஓதியபின் அரை மணி நேரத்தில் அன்றைய படத்தையும் வாசகத்தையும் ஆயத்தம் செய்துவிடலாம். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவு வெளியாக வேண்டிய நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. லுஹருக்குப் பின் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒருமுறை என அமர்ந்து பதில் சொல்லலாம். இஷாவுடன் கடை சாத்தப்பட வேண்டும்.

"இரவில் கேட்பவர் வேறு கடைக்குப் போய்விடுவாரே!" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடை நேரத்தைக் குறிப்பிடலாம். அந்நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகவே ஒரு பதில் போகும்படியும் செய்யலாம். "உங்கள் செய்தி கிடைத்தது. நாளை காலை 10 மணிக்குப் பதில் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்" என்று எழுதி வையுங்கள், எழுதியபடியே பத்து மணிக்குப் பதில் தாருங்கள். இன்ஷா அல்லாஹ் என்பது தவணை தள்ளும் சொல்லாகிவிடக் கூடாது. சொன்ன நேரத்துக்குப் பதில் தரும் கடையை மக்கள் எளிதில் விடமாட்டார்கள்.

ஜும்ஆவுடைய பாங்கு சொல்லப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிடுமாறும், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் குர்ஆன் (62:9, 10) கட்டளையிடுகிறது. சாத்துவதற்கு ஒரு நேரம், திறப்பதற்கு ஒரு நேரம் என்ற ஒழுங்கு இங்கே இருக்கிறது. கடையின் கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்து, குத்பாவின் நடுவே சட்டைப் பைக்குள் ஆர்டர் பார்ப்பவர் உண்மையில் எதைச் சாத்தினார்?

அளவு மீறிய பதிவுகளால் இன்னொரு தீங்கும் உண்டு. மணிக்கொரு முறை எதையாவது சொல்லியாக வேண்டியவருக்கு உண்மைகள் விரைவில் தீர்ந்துபோகும். பிறகு, பத்துத் துணிகள் கையிருப்பில் இருக்க, "இரண்டே மீதம்" என்பார். நிறத்தை மெருகேற்றிப் படம் போடுவார். உறவினரை வைத்துப் பாராட்டு எழுதச் செய்வார். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' எனும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொய்ப் பாராட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே நம் கருத்து. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டார்கள் (முஸ்லிம்). படத்தில் தெரியும் நிறம் நேரில் சற்று மாறுபடும் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதுதான் இன்று ஈரத்தை மேலே வைப்பது.

ரமளானை நினைத்தால் நம் கவலை கூடுகிறது. கடைசிப் பத்து இரவுகளில் நபி (ஸல்) அவர்கள் விழித்திருந்து, தம் குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதே இரவுகளில்தான் தராவீஹ் முடிந்ததும் 'லைவ்' விற்பனை தொடங்குகிறது. நாமும் விழித்திருக்கிறோம், குடும்பமும் விழித்திருக்கிறது. துணியை மடிப்பதற்கும் முகவரி எழுதுவதற்கும்! பெருநாள் விற்பனை ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு என்பதை நாம் அறிவோம். அதனால்தான் ஷஅபானிலேயே அதைத் தொடங்கிவிடுங்கள் என்கிறோம். ரமளான் 20உடன் ஆர்டர் எடுப்பது முடியும் என்று முதல் பிறையிலேயே அறிவித்துவிட்டால் வாடிக்கையாளரும் முன்கூட்டியே வாங்குவார். தையற்காரரும் நிம்மதியாகத் தொழுவார். சில ஆர்டர்கள் கைநழுவலாம். லைலத்துல் கத்ர் கைநழுவுவதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தரவேண்டிய உரிமைகள் உள்ளன என்று ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். அதை நபி (ஸல்) அவர்களும் உண்மை என்றார்கள். அபுத்தர்தா (ரலி) அவர்களோ குடும்பத்தை மறந்து மூழ்கியிருந்தது நோன்பிலும் தொழுகையிலும். வணக்கமே குடும்பத்தின் உரிமையை விழுங்கக் கூடாது என்றால், ஸ்டேட்டஸ் விழுங்கலாமா?

இன்றிரவு இஷாவுக்குப் பின் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, உங்கள் பிள்ளையை அழைத்து அன்றைய பாடத்தை ஓதச் சொல்லுங்கள். அவன் தடுமாறும் இடத்தில் எடுத்துக்கொடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.