அழையாத மணியோசை

மத்தியானச் சோற்றைக் குழைத்து முதற் கவளத்தை வாயில் வைக்கும் வேளையில் மணி அடிக்கிறது. எச்சிற் கையோடு எழுந்தோடி எடுத்தால், குரலொன்று மிகுந்த பணிவுடன், நமக்குக் கடனட்டை தேவையா என்று வினவுகிறது. வேண்டாமென்று கூறித் திரும்பி வந்து அமர்ந்தால் சோறு ஆறிவிட்டது. பின்னேரம் காப்புறுதி பற்றி ஓர் அழைப்பு. விளக்கு வைக்கும் நேரத்தில், நாம் வாங்காத லொத்தர்ச் சீட்டுக்குப் பெரும் பரிசு விழுந்திருப்பதாக மற்றோர் அழைப்பு. இவ்விதமாக ஒரு நாள் கழிகிறது.

ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் தொலைபேசி இருப்பதே பெரிய காரியம். மணி அடித்தால் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கும், அல்லது யாரோ கண்மூடியிருப்பார். அயலாரும் வேலியோரம் வந்து நின்று செய்தி என்னவென்று கேட்பர். இன்று பாட்டியின் கொட்டைப்பெட்டிக்குள்ளும் மாணவனின் சட்டைப்பைக்குள்ளும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆயினும் மணியோசை கேட்டதும் துள்ளி எழும் பழைய வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. விற்போரும் ஏய்ப்போரும் இந்த வழக்கத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் நடத்துகின்றனர்.

வெள்ளவத்தையில் நமக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். தனியே வாழ்பவர். ஒரே மகன் கனடாவில். மகன் பேசும்போது சில வேளை அவனுடைய சொந்த இலக்கம் தெரியும்; சில வேளை ஏதோ முன்பின் அறியாத இலக்கம் தெரியும். ஆதலால் எந்த அழைப்பையும் விடாமல் எடுப்பது மாமியின் வழக்கம். கடந்த ஆண்டில் ஒரு நாள், மகன் அனுப்பிய பொதி விமான நிலையத்துச் சுங்கப் பகுதியில் தடைப்பட்டு நிற்பதாகவும், தீர்வைப் பணத்தை அன்றைய மாலைக்குள் கட்டாவிடில் பொதி பறிமுதலாகும் என்றும் ஒருவர் பேசினார். மகனின் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னாராம். மாமி நாற்பதாயிரம் ரூபாயைச் சொல்லப்பட்ட கணக்கில் வைப்பிலிட்டார். பொதியும் இல்லை, பேசியவரும் இல்லை.

நமக்கு இச்செய்தி தெரிய வந்தது மூன்று வாரங்களின் பின்னர்தான். "ஏன் மாமி, எங்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம். "என்னத்தைச் சொல்லுறது பிள்ளை, வெட்கமாய்க் கிடந்தது. மகனுக்கும் சொல்லயில்லை," என்றார். அந்த மூன்று வாரமும் அவர் நன்றாக உறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பணத்தைக் காட்டிலும் இதுவே நம்மை வருத்தியது. ஏமாற்றியவன் நிம்மதியாக உறங்க, ஏமாந்தவர் தலைகுனிந்து திரிவது எந்த நியாயத்தில் சேரும்?

இத்தகைய அழைப்புகள் எல்லாம் ஒரே இனமல்ல. உண்மையான பொருளை உண்மையாக விற்பவர் ஒரு வகை. அவரால் சோறு ஆறுமே தவிர வேறு நட்டமில்லை. ஏய்ப்பவர் இன்னொரு வகை. இவ்விரு சாராருக்கும் ஏவல் செய்வது இயந்திரம். அழைப்பை எடுத்து 'ஹலோ' என்றதும் இரண்டொரு விநாடி மறுபுறம் ஒலியே இல்லாதிருப்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். இயந்திரம் ஒரே வேளையில் பல இலக்கங்களைச் சுழற்றுகிறது. எவர் முதலில் எடுக்கிறாரோ அவரை, ஓய்வாயிருக்கும் ஊழியர் ஒருவருடன் இணைக்கிறது. அந்த இணைப்புக்குப் பிடிக்கும் நேரமே அம்மௌனம். அதைக் கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

ஒரே ஒரு மணியோடு நின்றுவிடும் அழைப்பும் உண்டு. திரையில் அறியாத வெளிநாட்டுக் குறியீடு தெரியும். ஜப்பானியர் இதற்கு 'வன்கிரி' என்று பெயர் வைத்துள்ளனர். 'ஒன்று அடித்து அறுப்பது' என்று பொருள்படும். யாரோ உறவினர் அழைத்தாராக்கும் என்று எண்ணி நாம் திரும்ப அழைத்தால், கட்டணம் மிகுந்த இலக்கத்துடன் பேச்சு இணைகிறது. அக்கட்டணத்தில் ஒரு பங்கு அழைத்தவனைச் சேர்கிறது. உறவினர் நாடெங்கும் பரந்து வாழும் நம்மவர்க்கு இது எத்துணை பொருத்தமான வலை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

திரையில் தெரியும் இலக்கமும் சாட்சியாகாது. இணையத்தின் வழியே அழைப்பவர் தாம் விரும்பிய இலக்கத்தைக் காட்டச் செய்ய முடியும். வங்கியின் இலக்கம் தெரிகிறது என்பதனால் பேசுபவர் வங்கியாளர் ஆகிவிடமாட்டார். ஐயமெனில் வைத்துவிட்டு, அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்பதுதான் வழி. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. 'இவ்வழைப்புகள் வேண்டாமெனில் ஒன்பதை அழுத்துக' என்று இயந்திரம் சொன்னாலும் அழுத்த வேண்டாம். அழுத்தினால், இவ்விலக்கத்தில் உயிருள்ள மனிதர் இருக்கிறார் என்று நாமே அறிவித்ததாகும்.

நம் இலக்கம் இவர்களுக்கு எங்ஙனம் கிடைத்தது? பெரும்பாலும் கொடுத்தவர் நாமே. துணிக்கடையில் பற்றுச்சீட்டு எழுதும் பிள்ளை கேட்டதும் ஒப்புவிக்கிறோம். குலுக்கல் கூப்பனில் பெயர், விலாசம், இலக்கம் மூன்றையும் அழகிய கையெழுத்தில் நிரப்புகிறோம். முகநூலில் 'என் புதிய இலக்கம் இது' என்று ஊருக்குப் பறைசாற்றுகிறோம்; மகனின் பெயரும் படமும் பக்கத்திலேயே இருக்கின்றன. மாமியின் மகன் பெயர் கள்வனுக்கு எப்படித் தெரிந்ததென்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. பரீட்சை எழுதிய மாணவரும் கவனிக்கவேண்டும்: பெறுபேறு வந்த வாரத்தில் புலமைப்பரிசில் தருவதாகப் பேசி முற்பணம் கேட்பவர் புரவலர் அல்லர்.

இத்தொல்லையைச் சட்டத்தால் நிறுத்த முயன்ற நாடுகளில் அமெரிக்காவின் கதை சுவையானது. 1991 ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி, தடைசெய்யப்பட்ட முறையில் அழைத்தவர் மீது வழக்காடி ஓர் அழைப்புக்கு 500 டொலர் வரை பெற வழியுண்டு. வேண்டுமென்றே செய்திருந்தால் மும்மடங்கு வரை தீர்ப்பாகலாம். 2003 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'அழைக்க வேண்டாதோர்' பதிவேடு ஒன்றை அரசு திறந்தது. சில மாதங்களில் 5 கோடி இலக்கங்கள் அதிற் பதிவாயின. செப்டெம்பரில் ஒரு நீதிமன்றம், இப்பதிவேட்டை நடத்த அந்நிறுவனத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது. வழமையாக ஆமை வேகத்தில் நகரும் அந்நாட்டுக் காங்கிரஸ், இரண்டொரு நாளுக்குள் அவ்வதிகாரத்தை அளிக்கும் மசோதாவை நிறைவேற்றியது! செனற் சபையில் எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. இராப்போசன வேளையில் மணியடித்த கோபம் கட்சி பேதமறியாது போலும்.

ஆயினும் தொல்லை ஒழிந்ததா? இல்லை. பதிவேட்டைப் பார்த்து விலகியவர் நேர்மையான வியாபாரிகள். கள்வன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தா கன்னமிடுகிறான்? இணையத்தின் வழி பேசும் செலவு மிகக் குறைந்ததும் இயந்திர அழைப்புகள் பெருகின. இப்போது மனிதர் குரலை அச்சொட்டாகப் போலச் செய்யும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அத்தகைய போலிக் குரலும் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும் என்று 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அங்குள்ள தகவற்றொடர்பு ஆணைக்குழு விளக்கமளித்தது.

இந்தியாவிலும் 1909 என்ற இலக்கத்தில் பதிந்து விற்பனை அழைப்புகளை மறுக்கலாம். நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு தந்தவர்க்கே விளம்பரச் செய்தி அனுப்பலாம் என்றும், செலவின்றி விலகிக்கொள்ள வழி தரவேண்டும் என்றும் விதித்தது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் 2025 ஆம் ஆண்டில் பின்போடப்பட்டது. பின்போடுவதில் நமக்கு நிகர் நாமே.

ஆகவே நம் கையிலுள்ளதை நாம் செய்தோம். அறியாத இலக்கங்கள் ஒலியெழுப்பாதபடி அமைக்கும் வசதி இப்போதைய கைத்தொலைபேசிகளில் உண்டு. அதைத் திருப்பிவிட்டு ஒரு வாரம் சொர்க்கத்தில் இருந்தோம். எட்டாம் நாள், வைத்தியசாலை ஒன்றிலிருந்து நம் வீட்டுப் பெரியவரின் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் மாறியதென்று மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். மூன்றும் மௌனமாகவே வந்து போயின. பெரியவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், வாசலில் நின்று திரும்பி வந்தோம். அன்று அவர் நம்மிடம் பேசவேயில்லை. அதன் பின்னர், வைத்தியசாலை, பாடசாலை, வங்கி, மின்சார சபை என்று வேண்டிய இலக்கங்களையெல்லாம் பெயரிட்டுச் சேமித்த பிறகே அவ்வசதியை மீண்டும் பயன்படுத்தினோம். இரவில் மாத்திரம்.

மாமிக்கு அந்த வழியும் சரிவராது; மகன் குரலைத் தவறவிடுவதிலும் நாற்பதாயிரம் போவது மேல் என்கிறார். எனவே மகனிடமே பேசினோம். முதலில் சிறிது நேரம் பேச்சின்றி இருந்தவன், பின் தாயைத் தேற்றினான். இனி அழைக்கு முன் ஒரு சிறு செய்தி அனுப்புவதென்று ஏற்பாடு. பணம், பொதி, விபத்து என்று எவர் பேசினாலும், மகனே பேசுவதுபோல் இருந்தாலும், அவனுடைய சிறுவயதுச் செல்லப்பெயரை மாமி கேட்பார். அப்பெயர் முகநூலில் இல்லை. அதை இங்கும் நாம் எழுதப்போவதில்லை.

விற்பனைக்கென அழைக்கும் பிள்ளைகளை ஏசவேண்டாம் என்பது மாமியின் கட்டளை. நம் ஒழுங்கையிலேயே ஒரு பெண் அவ்வேலை பார்த்தாள். நாளொன்றுக்கு இத்தனை பேரைப் பிடிக்கவேண்டும் என்ற கணக்கு அவள் தலைமேல் இருந்தது. 'இலக்கத்தை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், நன்றி' என்று சொல்லி வைத்துவிட வேண்டியதுதான். மாமியோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். சென்ற வாரம் அவர் முற்றத்தில் நாம் இருக்கையில் ஓர் அழைப்பு வந்தது. "வேண்டாம் தம்பி. நீர் சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.