உலக அரசு என்னும் பிரமை

2008 செப்டம்பர் நடுப்பகுதியில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாதென அரசாங்கம் அறிவித்ததையடுத்து ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேற ஆயத்தமானபோது, ஜனங்கள் அவர்களது அலுவலக வாசலில் திரண்டு, போகவேண்டாமென மன்றாடினார்கள். அன்று அவர்களை அங்கே நிறுத்திய நம்பிக்கை இன்றும் வன்னியில் மடிந்தபாடில்லை: அரசுகளுக்கெல்லாம் மேலாக நீதியும் சேனையும் உடையதோர் உலக அரசு உண்டென்பதும், நமது துயரம் அதன் செவிக்கு எட்டிவிட்டால் இரட்சிப்பு நிச்சயமென்பதுமே அது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஜெனீவாவில் கூடும் மார்ச் பிறந்தால் சந்திக்குச் சந்தி அதே பேச்சுத்தான்.

இது வெறும் பிரமை. ஐ.நா. சபை அரசுகள் கூடி அமைத்த சங்கமேயன்றி அவற்றுக்கு எஜமானன் அன்று. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடலாகாதென அதன் சாசனத்து 2ஆம் உறுப்புரையே தடுக்கிறது. பாதுகாப்புச் சபை பலவந்த நடவடிக்கை எடுக்கலாமென்னும் விதிவிலக்கோ வீட்டோ அதிகாரமுள்ள ஐந்து வல்லரசுகளின் தயவில் கிடக்கிறது. இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் எரிந்த 2009இல் நமது விவகாரம் பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் ஒருநாளேனும் ஏறவில்லை. யுத்தம் முடிந்து பத்து நாள் ஆகுமுன், மே 27இல், மனித உரிமைகள் பேரவை 29 வாக்குகளால் நிறைவேற்றியதும் இலங்கை அரசே முன்னின்று கொணர்ந்த தீர்மானந்தான்.

அப்படியாயின் இத்தகைய ஸ்தாபனங்களால் பிரயோசனமே இல்லை என்பாரும் உளர். வரம் கிட்டாத பக்தன் விக்கிரகத்தை உடைக்கும் அவசரம் அது. அவ்வாண்டு பெப்ரவரி முதல், புதுமாத்தளன் கரையில் காயமுற்றோரைச் சிறு படகுகளில் ஏற்றி, அலையைத் தாண்டி அப்பால் நின்ற கப்பலிற் சேர்த்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், நோயாளரும் உடன்சென்றோருமாகப் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமானோரைக் கரைசேர்த்தது. அதற்கும் போரிட்ட இருதரப்பின் சம்மதம் வேண்டியிருந்தது. மே 9க்குப் பின் சண்டையின் உக்கிரத்தால் அக்கப்பல் ஒருவரையும் ஏற்ற இயலவில்லை.

சேனை அனுப்பாமைக்காக ஐ.நா.வை நிந்திப்பது வீண்; வாய் திறவாமைக்காக நிந்திப்பதே நியாயம். மாண்டோர் தொகையைத் தன் அலுவலர்களே திரட்டியிருந்தும் அதைப் பகிரங்கப்படுத்தத் தயங்கியதென, சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான அதன் சொந்த விசாரணையே 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. 99ஆம் உறுப்புரைப்படி பாதுகாப்புச் சபையைத் தாமே விழிப்பூட்டும் உரிமை செயலாளர் நாயகத்துக்கு இருந்தது. அவர் அதைப் பிரயோகிக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாருக்கு ஜெனீவாவிலிருந்து இரட்சகன் எவனும் வரப்போவதில்லை. பேரவையின் 2021ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி அங்கே சாட்சியங்கள் திரட்டப்படுகின்றன. அவை எந்த நாட்டு நீதிமன்றத்தில், எப்போது முன்வைக்கப்படும் என்பதையே மார்ச் தோறும் நாம் கேட்கவேண்டும்.