செகண்ட் ஹேண்ட் இ-ஸ்கூட்டர்: ஆர்.சி. கைமாறுது... பேட்டரி ஜாதகம் யார் கையில்?

செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு சுமார் 35 கி.மீ. வேலைக்காக தினமும் வந்து போனால் 70. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளுக்கு 140 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 3,500 ரூபாய். ஜவுளிக்கடையிலோ லேபிலோ இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

இதே தூரத்துக்கு, 3 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள இ-ஸ்கூட்டருக்கு சுமார் 3.5 யூனிட் கரண்ட் போதும். யூனிட் 6 ரூபாய் என்றாலும் நாளுக்கு 21 ரூபாய், மாதம் 525. புது வண்டிக்கு லட்ச ரூபாய் புரட்ட முடியாதவர்கள் பாதி விலையில் பழசைத் தேடுவதில் ஆச்சரியம் என்ன?

கணக்கு சரிதான். ஆனால், அது நிற்பது ஒரே ஒரு எண்ணின் மேல். அந்த எண்ணை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

எஞ்சின் பேசும், பேட்டரி பேசாது

பழைய பெட்ரோல் பைக் வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாம். ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து அவர் பாதி சொல்லிவிடுவார். இ-ஸ்கூட்டர் பேட்டரியோ சீல் வைத்த பெட்டி. எத்தனை முறை சார்ஜ் ஏறியது, எத்தனை கோடை வெயிலில் நின்றது, வெள்ளத்தில் மூழ்கியதா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. 2023 மிக்ஜாம் புயலில் சென்னையும், 2024 ஃபெஞ்சல் மழையில் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரமும் தண்ணீரில் தத்தளித்ததை மறந்துவிடக் கூடாது.

புதிதில் 80 கி.மீ. ஓடிய வண்டியின் பேட்டரி திறன் 70 சதவீதமாகக் குறைந்தால், ஓடுவது 56 கி.மீ.தான். செங்கத்துக்காரர் வீடு திரும்ப முடியாது. பௌர்ணமி என்றால் இன்னும் சிக்கல்: செங்கம் சாலையின் ஒரு பகுதியே 14 கி.மீ. கிரிவலப் பாதைக்குள் வருகிறது; போக்குவரத்தைத் திருப்பிவிட்டால் சுற்றித்தான் வரணும். சரி, புது பேட்டரி போடலாமா? பல மாடல்களில் அதன் விலை அரை லட்சத்தைத் தாண்டும். பழைய வண்டிக்குக் கொடுத்த காசை இன்னொரு முறை கொடுப்பது போலத்தான்.

சட்டம் எதைக் கேட்கிறது?

ஆர்.சி. பெயர் மாற்ற படிவம் 29, படிவம் 30 வேண்டும். இரண்டிலும் பேட்டரி நிலை பற்றிய கேள்வியே இல்லை. 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்ட, 250 வாட் வண்டிகளுக்கு ஆர்.சி.யே கிடையாது, பில் இல்லையென்றால் அது யாருடைய வண்டி என்பதே கேள்விக்குறி.

வரியும் உதவவில்லை. புது இ-ஸ்கூட்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரி பழசை விற்றால், அவருடைய லாபத் தொகைக்கு 18 சதவீதம். முன்பு 12 ஆக இருந்ததை உயர்த்த 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. தனிநபருக்குத் தனிநபர் விற்றால் வரி இல்லை. சோதித்து, உத்தரவாதத்தோடு விற்கக்கூடிய கடைக்கு வரிச்சுமை. 'பார்த்துக்கோங்க, எடுத்துக்கோங்க' வியாபாரத்துக்குச் சலுகை!

பணம் மட்டும் இல்லை, உயிரும்தான்

2022 மார்ச்சில் பக்கத்து வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த இ-பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31. அதற்கு முந்தைய வண்டிகளும் இன்று பழைய வண்டிச் சந்தையில் சுற்றுகின்றன. விலையைக் கேட்கும் முன் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.
* ஃபுல் சார்ஜில் உங்கள் ரூட்டிலேயே ஓட்டி, 50 சதவீதம் வரும்வரை எத்தனை கி.மீ. போகிறது என்று பாருங்கள்.
* வாரன்டி இரண்டாவது உரிமையாளருக்கும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆப் கணக்கையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்று பழைய ஓனரின் போனுக்குத் தெரியலாம்.
* ஒரிஜினல் சார்ஜர் இருக்கிறதா? படுக்கையறையிலோ வாசலை மறித்தோ சார்ஜ் போட வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியது

இதெல்லாம் வாங்குபவர் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி சட்டப்படி, மின் வாகனம் வாங்கியவர் அதன் பேட்டரி ஆரோக்கியத் தகவலைப் பார்க்க வழி இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து அது நடைமுறை. 2027 பிப்ரவரியில் பேட்டரிக்கே டிஜிட்டல் பாஸ்போர்ட் வருகிறது.

விற்பவருக்கு இது கூடுதல் அலைச்சல் என்று சிலர் சொல்லலாம். அப்படி இல்லை. பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு ஏற்கெனவே வண்டிக்குள் இருக்கிறது. அது கணிக்கும் எண்ணை ஆப்பில் இலவசமாகக் காட்டச் சொன்னால் போதும். படிவம் 30-உடன் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, ராணிப்பேட்டையில் ஆம்பியர் என்று தொழிற்சாலைகளை வைத்திருக்கும் தமிழ்நாடு இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

புது வண்டி வாங்க வசதியுள்ளவருக்கு 8 ஆண்டு வாரன்டி வரை கிடைக்கிறது. பழசு வாங்குபவருக்குக் கிடைப்பது 'நல்லா ஓடும் சார்' என்ற வாய் வார்த்தை. மின் வாகனம் எல்லோருக்கும் என்றால், அந்த ஒரு எண்ணும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.