குழாயடியும் கத்தரிக் கன்றும்

சொட்டுநீர்க் குழாயைப் பொதுக் குழாயில் நேரே பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அயலவரின் குடம் காத்துநிற்க நமது கத்தரி குடிப்பது நீதியல்ல. மேலும், நீர் நின்றதும் தோட்டத்துச் சேற்றுநீர் பின்னோக்கி இழுபட்டுக் குடிநீரிலே கலக்கக்கூடும்.

ஆளில்லாத இரவு வேளையில் ஒரு பீப்பாவை நிரப்புங்கள். நிரப்பும் குழாயின் வாய் நீரில் அமிழக்கூடாது. பீப்பா 1 மீற்றர் உயரத்தில் இருந்தால் சிறு தோட்டத்துக்குப் போதும். வலைவடி கட்டாயம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீர் என்றால் துளைகளில் சுண்ணாம்பு படியும். வினாகிரியில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

"நிலையில்லாத காணியில் ஏன் செலவு?" என்கிறீர்கள். வெட்டிய கிணற்றை விட்டுவந்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. இந்தக் குழாயையோ சுருட்டி எடுத்துச் செல்லலாம், பீப்பாவையும்தான்.