உடலின் பாடவேளை

பள்ளிக் கால அட்டவணையில் எளிதில் கடன் கேட்கப்படுவதும், கேட்டவுடன் கொடுக்கப்படுவதும் உடற்கல்விப் பாடவேளையே. தேர்வு நெருங்க நெருங்க அந்த நேரத்தில் கணக்கும் இயற்பியலும் வந்து அமர்கின்றன. விளையாட்டுத் திடல் வெறிச்சோடுகிறது. மாணவரும் பெற்றோரும் இதனை ஓர் இழப்பாகக் கருதுவதில்லை. மதிப்பெண்ணுக்காகச் செய்யும் சிறு விட்டுக்கொடுத்தல் என்றே எண்ணுகின்றனர். ஆனால், அக்கடன் பெரும்பாலும் திருப்பித் தரப்படுவதில்லை. அதன் விளைவைப் பிற்காலத்தில் உடல்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

உழைப்பு குறைந்தது, உணவு குறையவில்லை

இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னர்த் தமிழகச் சிற்றூர்களில் உடற்பயிற்சி எனத் தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஏற்றம் இறைத்தல், நாற்று நடுதல், நெல் குத்துதல், அம்மியில் அரைத்தல், தொலைவிலிருந்து நீர் சுமத்தல் என வாழ்க்கையே உடலுழைப்பாக இருந்தது. அவ்வுழைப்புக்கு ஈடாகவே சோறும் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் வயிறு நிறைய உண்ணப்பட்டன. இன்று மோட்டார் நீர் இறைக்கிறது, மிக்சி அரைக்கிறது, தெருமுனைக் கடைக்கும் இருசக்கர வாகனம் புறப்படுகிறது. முதுகொடியும் வேலைகள் குறைந்தது நன்மையே. ஆயினும், உழைப்பு குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. அதன் தன்மையும் மாறிவிட்டது.

கைக்குத்தல் அரிசியில் தவிடும் முளையும் ஓரளவு எஞ்சியிருந்தன. ஆலையில் நன்கு தீட்டும்போது அவற்றோடு நார்ச்சத்தும் பி வகை உயிர்ச்சத்துகளும் பெருமளவு நீங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டுமே உண்ட கோழிகள் நரம்பு தளர்ந்து நடக்கவியலாமல் விழுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிவகுத்த அப்பணிக்காக 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. வெண்மையே தூய்மை என்னும் எண்ணம் தவறென்பதை அக்கோழிகள் அன்றே உணர்த்தின.

உடலுக்குள் நிகழ்வது

சோறு, இட்லி, பரோட்டா என எதுவாயினும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், அது செல்களுக்குள் நுழைய உதவுகிறது. உணவுக்குப் பின் வரும் குளுக்கோஸின் பெரும்பங்கை ஏற்பவை தசைகள். இயங்கிக்கொண்டிருக்கும் தசை, இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோஸை எடுத்துக்கொள்ள வல்லது. இயக்கம் குறைந்து வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போதோ, செல்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. கணையம் மேன்மேலும் சுரந்து ஒரு கட்டத்தில் தளர்கிறது. குருதியில் சர்க்கரை மிகுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இவ்வாறே தோன்றுகிறது. இம்மாற்றம் பல ஆண்டுகள் வலியின்றி நிகழ்வதால், கண்ணோ சிறுநீரகமோ பழுதுபட்ட பின்னரே பலர் அதனை அறிகின்றனர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த, 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அதற்கு முந்தைய நிலையில் இருப்போர் அதனினும் மிகுதி.

சான்றுகள் கூறுவன

இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்த ஜெரி மோரிஸ் குழுவினரின் ஆய்வு 1953இல் வெளிவந்தது. நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பேருந்தில் பணியாற்றியோரிடையே காணப்பட்ட இவ்வேறுபாடு, உடலியக்கத்தைப் பற்றிய மருத்துவச் சிந்தனைக்குப் புதிய திசை காட்டியது.

நீரிழிவின் வாயிலில் நின்றோரைச் சென்னை மருத்துவர்கள் மூன்றாண்டுகள் கண்காணித்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீர்செய்து நடைப்பயிற்சி போன்றவற்றை மேற்கொள்ள வழிகாட்டப்பட்டோரில் அது 39 ஆகக் குறைந்தது. மருந்தின்றியே நிகழ்ந்த மாற்றம் இது.

பொறுப்பு யாருடையது?

இவற்றைக் கொண்டு, நோயுற்றோர் அனைவரும் தம் தவற்றாலேயே நோயுற்றனர் என முடிவுகட்டுவது அநீதி. மரபும் வறுமையும் நோய்க்குக் காரணமாகின்றன. முதல் வகை நீரிழிவு உணவுப் பழக்கத்தால் வருவதன்று. திடலில்லாத பள்ளியில் பயிலும் மாணவனிடமும், பருவமெய்தியதும் விளையாட்டு மறுக்கப்படும் மாணவியிடமும் 'ஓடியாடி நலம் பெறுக' என்று கூறுவதில் பொருளில்லை. மெலிவே அழகெனக் கருதிப் பட்டினி கிடப்பதும் நலவாழ்வாகாது. வளரும் உடலுக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் பழமும் போதிய அளவில் தேவை.

எனவே, தெரிவு தனிமனிதருடையது. தெரிவுசெய்யும் வாய்ப்பை அளிப்பது சமூகத்தின் கடமை. வாரத்தில் சில வேளை சிறுதானியம், தட்டில் சோற்றுக்கு ஈடாகக் காய்கறி, பொட்டலத் தின்பண்டத்துக்கு மாற்றாக வேர்க்கடலையோ சுண்டலோ என்பன வீட்டில் தொடங்கத்தக்கவை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவையென உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. அதில் ஒரு பகுதியையேனும் தரக்கூடிய இடம் பள்ளி.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி, உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பற்றியே பேசுகிறது. நோய் வந்தபின் மருந்தைத் தேடுவதினும், வருமுன் வாழ்வைச் சீர்செய்வதே அறிவுடைமை என்பது இம்மண் முன்பே அறிந்தது. எலும்பின் வலிமையில் பெரும்பங்கு வளரிளம் பருவத்திலேயே சேமிக்கப்படுகிறது. அப்பருவம் கடந்தபின் அச்சேமிப்பை ஈடுசெய்தல் அரிது. கணக்குப் பாடத்தை மாலையிலும் படிக்கலாம்; பதினாறாம் வயதை மீண்டும் வாழ இயலாது. ஆகவே, உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கொடுக்காதிருக்கப் பள்ளிகள் உறுதிகொள்ள வேண்டும். அது தம் உரிமையெனக் கேட்டுப்பெற மாணவரும் முன்வர வேண்டும்.