இரத்தம் தாமதித்துச் சொல்லும் செய்தி



நோயில்பூசுதல் வழங்க மருத்துவமனைக்கு அழைக்கப்படும் குருக்கள் இவ்வாறான சொற்களைக் கேட்பதுண்டு: "வயிற்றுவலி என்றுதான் சேர்த்தோம், சாமி; இப்போது சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்கிறார்கள்." கணைய அழற்சி கடுமையாகும்போது இப்படி நேர்வதுண்டு.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. உணவைச் செரிக்கவேண்டிய அதன் நீர் அதனையே அரிக்கத் தொடங்குவதே இந்நோய். பித்தக்கல்லும் மதுவும் முதன்மையான காரணங்கள். அழற்சி முற்றினால் இரத்தத்தின் நீர் குழாய்களைவிட்டுக் கசிந்து, எஞ்சிய இரத்தம் செறிந்துவிடும். இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பெறும் சிறுநீரகங்கள் அப்போது வாடுகின்றன.

இதை அறிய வழக்கமாகப் பார்ப்பது கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள். ஆனால் வடிகட்டும் திறனில் ஏறக்குறையப் பாதி குறைந்த பின்னரே அதன் அளவு தெளிவாக உயரக்கூடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்ததைத் திருச்சி, திருவரங்கத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். சரிவு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்குமுன் உள்ளே நேர்ந்த தளர்ச்சி தெரியவில்லை. கிரியாட்டினினும் பெரும்பாலும் சரிவையே சொல்கிறது.

ஆகவே முந்திச் சொல்லும் குறிகளை ஆய்வாளர்கள் தேடுகின்றனர். சிஸ்டாட்டின் சி, தசையின் அளவை அவ்வளவாகச் சாராதது. என்ஜிஏஎல் என்னும் புரதம், சிறுநீரகக் குழல்கள் காயமுற்ற சில மணி நேரத்திலேயே உயரக்கூடியது. இவை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பவையல்ல. அதனால் ஏழைகள் கைவிடப்பட்டார்கள் என்று எண்ணவேண்டாம். யூரியா, கிரியாட்டினின், இரத்தத்தின் செறிவு ஆகிய எளிய சோதனைகளையே மீண்டும் மீண்டும் செய்து, ஏறுகின்றனவா என்று ஒப்பிடுவதில் பெரும்பயன் உண்டு. முதல் நாள் சீட்டில் "இயல்பு" என்றிருப்பது மறுநாளைக்கும் உறுதிமொழியன்று. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மில்லிகிராம் கூடினாலே சிறுநீரகக் காயமாகக் கொள்வது மருத்துவ வழக்கு.

விலையில்லாத குறி ஒன்றும் உண்டு: சிறுநீர். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆறு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டருக்குக் குறைந்தால், அதுவே எச்சரிக்கை. துணைக்கு இருப்பவர் அதைக் கொட்டிவிடாமல் அளக்கச் சொல்லலாம். ஆனால், "இன்னும் ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று செவிலியரை வற்புறுத்துவது தவறு. மிகையாக நீரேற்றுவதால் உடலில் நீர் தேங்கும் கேடு அதிகம் என 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும்வலியை வாயு என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் மிகுதி. கணவர் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கும் மனைவியரின் துயரம் எனக்குப் புரியாததன்று. எனினும் அங்கே மானம் பார்க்க நேரமில்லை. எப்போது வலி தொடங்கியது, எவ்வளவு குடித்தார், வலிக்கென்று கடையில் என்ன மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்கள் என்பவற்றைச் சேர்க்கும்போதே சொல்லுங்கள். அம்மாத்திரைகளுள் சில சிறுநீரகத்தை மேலும் வருத்துபவை. அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.